ஒரே அப்டேட்டா, ஆளுக்கொரு துண்டா, புது அட்டவணையா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயற்கண்டங்களின் அட்டவணை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கண்டமும் எந்தக் கிராம சேவகர் பிரிவில் கிடக்கிறது, மட்டக்களப்பு வாவிக்கு 200 மீற்றருக்குள் வருகிறதா என்று இரண்டு நிரல்களை நிரப்ப வேண்டும். கையில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும், அதற்கு வரைபட வேலை கற்றுக்கொடுக்கும் போஸ்ட்ஜிஐஎஸும். நிரல்களை நிரப்பும் அப்டேட் கட்டளையை இரவு ஏவிவிட்டுப் படுத்தேன். காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் எட்டு கோரில் ஒன்று மட்டும் மூச்சு வாங்க, மற்ற ஏழும் சும்மா இருந்தன.

கோளாறு எதுவும் இல்லை, அதன் வழக்கமே அப்படித்தான். 2016இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் வாசிக்கிற வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போடும். அப்டேட் என்று எழுதினாலோ முழுவதும் ஒரே புரொசஸில்தான். பழைய நிரையை அது அழித்தெழுதுவதும் இல்லை. பக்கத்தில் புதுப் பிரதி எழுதி, பழையதை வெக்யூம் என்ற துப்புரவு வேலை வரும்வரை விட்டுவைக்கும். எல்லா நிரையையும் தொட்டால் அட்டவணை ஏறக்குறைய இரு மடங்கு வீங்கும். சில நூறு நிரைக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

பங்கு போட முன் வாவியைக் கவனியுங்கள். கல்முனைப் பக்கம் வரை நீண்டு, முனைக்கு முனை வளைந்து போகும் ஒரே பலகோணி அது. அதைச் சுற்றிய பெட்டிக்குள் பாதிக் கண்டங்கள் விழுந்துவிடுவதால், இடத்தை வேகமாகத் தேடித்தரும் இன்டெக்ஸுக்கு வேலையே இல்லை. எஸ்டி_சப்டிவைட் கொண்டு சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் நிலைமை மாறும். ஒரு கண்டம் இரண்டு துண்டுக்குக் கிட்ட இருந்தால் இரு முறை வரும் என்பதால், இரு அட்டவணையை இணைக்கும் ஜாயின் போடாமல், கிட்ட ஒரு துண்டாவது உண்டா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள். தரவு பாகையில் அளக்கும் 4326 என்ற ஆள்கூற்று முறையில் இருந்தால் 200 என்பது பாகையாகிவிடும். மீற்றரில் அளக்கும், இலங்கைக்கான 5235க்கு மாற்றிவிட்டே தொடங்குகிறேன்.

இனி, வேளாண்மை வெட்டுக்கு ஆள் இறக்குவதுபோல இரண்டாவது வழி. ஐடி வரம்பு வரம்பாகப் பிரித்து, பல செஷன்களில் (தரவுத்தள இணைப்புகளில்) தனித்தனி அப்டேட். எட்டு கோருக்கு எட்டுத் துண்டு என்று பிரித்தால் வாவிக்கரைத் துண்டு மட்டும் கடைசிவரை இழுக்கும். நூறு துண்டாக்கி, ஒன்று முடிந்த செஷன் அடுத்ததை எடுக்கும்படி வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையிடம் கொடுப்பேன். வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவரை நிரைப் பூட்டுக்காக யாரும் யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை. வீக்கம் இதிலும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் எட்டுப் பேரும் எழுதினால் டிஸ்க்கே முட்டுக்கட்டை. ஆனால் நடுவில் கரண்ட் போனாலும் கமிட் ஆன (நிரந்தரமாகப் பதிந்த) துண்டுகள் போகாது.

மூன்றாவது, வினவலின் விடையைக் கொண்டு புது அட்டவணையே கட்டும் சிரியேட் டேபிள் ஆஸ். அதன் வாசிப்புப் பகுதியை 11ஆம் பதிப்பிலிருந்து பல கோர்களில் ஓட்டலாம், எழுதுவதுதான் ஒரே ஆள். எத்தனை உதவி ஆட்கள் என்று சொல்லும் மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பெர்_கேதர் அமைப்பு இயல்பாக 2. அதைக் கூட்ட மறந்துவிட்டு, வேகம் இல்லை என்று குறை சொல்லாதீர்கள். செத்த நிரை ஒன்றும் மிஞ்சாது, ஜிஸ்ட் என்ற இட இன்டெக்ஸைக் கடைசியில் ஒரே தடவையில் கட்டலாம். கரண்ட் போனால் மட்டும் முதலிலிருந்து. பெரும்போகம் முடிந்து அட்டவணையை யாரும் திருத்தாத நாட்களில் என் தெரிவு இதுதான். ஆட்கள் திருத்திக்கொண்டிருந்தால் இரண்டாவதுக்குப் போவேன். அப்போதும் மூன்றாவதையே பிடித்தால் இடையில் பழையதில் செய்த திருத்தமெல்லாம் காணாமல் போகும்.

இன்னொரு பொறி உண்டு. பிரைமரி கீ, இயல்பு மதிப்பு, டிரிகர், அனுமதி எதுவும் புது அட்டவணைக்கு வராது. எல்லாம் கையால் போட வேண்டும். இவற்றை ஞாபகமாகப் போட்டுவிட்டு, இரண்டின் பெயரையும் மாற்றி, பழைய பெயரைப் புதியதற்குக் கொடுத்தேன். வரைபடத்திலோ அதே பழைய வெற்று நிரல்கள். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸை மூடித் திறந்தேன், மாற்றமில்லை. பழைய அட்டவணையை நீக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது: ஒரு வியூ (பெயரிட்டுச் சேமித்த வினவல்) இதை நம்பி இருக்கிறது, நீக்க முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. வியூ பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெயர் மாறிய பழையதையே அது அவ்வளவு நேரமும் வரைபடத்துக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.