எப்போதாவது வரும் கப்பல் வழக்கு: தானே நடத்துவதா, துணை சேர்ப்பதா, ஒப்படைப்பதா?

சொத்து, குடும்பம், விபத்து இழப்பீடு, ஒப்பந்த மீறல் என எல்லா வகை வழக்குகளையும் எடுக்கும் பொது வழக்குரைஞரிடம் எப்போதாவது ஒரு கப்பல் வழக்கும் வந்து சேரும். கொண்டு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு வழக்கு கொடுத்த கட்சிக்காரராகவே இருப்பார். உப்புநீர் பட்டுக் கெட்ட சரக்குக்கு நட்டஈடு கேட்பார், அல்லது பல மாதச் சம்பளம் நிலுவையில் நிற்கும் மாலுமிக்காகப் பேச வந்திருப்பார். வழக்கைத் தானே நடத்தலாம், கடல்சார் சட்டத்தில் பழகிய ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது முழுவதுமாக அவரிடம் ஒப்படைத்துவிடலாம். பலர் தொகையைப் பார்த்தே இதை முடிவு செய்கிறார்கள்; சிறியதென்றால் வைத்துக்கொள்கிறார்கள், பெரியதென்றால் அனுப்பிவிடுகிறார்கள். என் கணிப்பில் தொகை சரியான அளவுகோல் அன்று. வழக்குத் தொடுக்க எவ்வளவு காலம் மீதமிருக்கிறது, பணம் எந்தச் சொத்திலிருந்து வசூலாகும், ஒப்பந்தம் எந்த மன்றத்தைக் குறிப்பிடுகிறது ஆகிய மூன்றுமே வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

மாலுமியின் சம்பள வழக்கைப் பொது வழக்குரைஞர் தயங்காமல் தானே எடுக்கலாம். பல நாடுகளின் சட்டத்தில் சம்பள நிலுவை கப்பலின் மீதே நிற்கும் பற்றுரிமை, அதாவது கப்பலையே பிடித்து வசூலிக்கும் உரிமை ஆகும். உரிமையாளர் கப்பலைத் தனிப்பட்ட முறையில் விற்றுவிட்டாலும் அது கப்பலோடு தொடரும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006க்கு 2014இல் செய்யப்பட்டு 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, கைவிடப்பட்ட மாலுமிகளுக்கு நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் நிதிப் பிணையம் இருக்க வேண்டும்; அதற்கான சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மாலுமி அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால், அதில் பெயர் குறிக்கப்பட்ட காப்பீட்டாளருக்கு எழுதும் ஒரு கடிதத்திலேயே வழக்கின் பெரும்பகுதி முடிந்துவிடக்கூடும். பணி ஒப்பந்தத்தையும் சம்பளக் கணக்கையும் படிக்கத் தெரிந்த தொழிலாளர் சட்ட அனுபவமே இதற்குப் போதும். பயணிகள் கப்பலில் காயமுற்றவரின் வழக்கும் ஏறத்தாழ இப்படித்தான். 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்துமிடத்தில் இரண்டே ஆண்டுகள்தான் அவகாசம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சரக்குச் சேத வழக்கு எளிதாகத் தோன்றுவதாலேயே ஆபத்தானது. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தில் கப்பல் தரப்பின் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் வழக்கில், சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தோ, ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்தோ ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் கப்பல் தரப்பின் பொறுப்பே அற்றுப்போகிறது. தம் நாட்டுப் பொதுக் காலவரையறைச் சட்டத்தின் நீண்ட அவகாசத்துக்குப் பழகியவருக்கு இந்த ஓராண்டு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. கட்சிக்காரரோ காப்பீட்டு நிறுவனத்தோடு மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தி, அது மறுத்த பிறகே வழக்குரைஞரைத் தேடி வருவார். எதிர்த்தரப்பு இசைந்தால் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த இசைவைத் தந்தது கப்பல் உரிமையாளரா, கப்பலை வாடகைக்கு எடுத்தவரா என்பதை மின்னஞ்சலின் ஒவ்வொரு சொல்லிலும் பார்க்க வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் தந்த நீட்டிப்பு உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

இழப்பீட்டுத் தொகையும், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் தரப்பு தரும் சரக்குச் சீட்டின் ஒரு வரியில் தலைகீழாகலாம். அதே விதிகளின்படி, சரக்கின் மதிப்பு சீட்டில் அறிவிக்கப்படாதபோது, பொறுப்பின் உச்சவரம்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது சேதமான சரக்கின் எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. 12,000 கிலோ எடையுள்ள சரக்கு முழுவதும் கெட்டுப்போனதாகக் கொள்வோம். சரக்குச் சீட்டில் ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கன்டெய்னரே ஒரு பொதி. எடைக் கணக்கில் 24,000 எஸ்.டி.ஆர். வரைதான் கேட்க முடியும். ‘ஒரு கன்டெய்னர், உள்ளே 480 பெட்டிகள்’ என்று எழுதியிருந்தால் வரம்பு ஏறத்தாழ 3,20,000 எஸ்.டி.ஆர். ஆகிவிடும். இதைக் கணக்கிட நிபுணர் தேவையில்லை; சீட்டின் இருபுறமும் பொறுமையாகப் படித்தால் போதும்.

ஆனால் பின்புறத்திலுள்ள பொடியெழுத்தில்தான் இரண்டாம் வழிக்கான காரணமும் இருக்கிறது. கப்பல் வாடகை ஒப்பந்தத்தின் எல்லா நிபந்தனைகளும், நடுவர் மன்ற விதி உட்பட, இச்சீட்டில் சேர்க்கப்படுகின்றன என்று ஒரு வரி இருந்தால், கட்சிக்காரர் பார்த்தேயிராத ஓர் ஒப்பந்தம் அவரை லண்டன் நடுவர் மன்றத்துக்கு இழுத்துச் செல்லக்கூடும். உள்ளூர் நீதிமன்றத்தில் பதினோராம் மாதத்தில் தொடுத்த வழக்கு ஓராண்டுக் கெடுவைக் காப்பாற்றாது என்ற வாதமும் அப்போது எழும். சீட்டில் இந்த வரி இருக்கிறது, அவகாசமும் குறைவு என்றால் துணை சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

நீதிமன்ற ஆணையால் கப்பலைச் சிறைபிடிக்க வேண்டிய நிலையிலும் அப்படியே. கப்பல் சில மணி நேரமே துறைமுகத்தில் நிற்கக்கூடும். அதற்குள் மனு, உறுதிமொழிப் பத்திரம், உரிமையாளர் யார் என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு நீதிபதியின் முன் நின்றாக வேண்டும். கோரிக்கை கடல்சார் கோரிக்கைகளின் பட்டியலில் அடங்குமா, அதே உரிமையாளரின் வேறொரு கப்பலைப் பிடிக்க முடியுமா, தவறாகப் பிடித்தால் எதிர் இழப்பீடு வருமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் விடை வேறு. இவற்றுக்கு நூலகத்தில் உட்கார்ந்து விடை தேட நேரம் இருக்காது. சிறைபிடிப்பின் நோக்கம் பெரும்பாலும் கப்பலை நிறுத்திவைப்பது அன்று, பிணையம் பெறுவதே. கப்பல் உரிமையாளர்களின் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கமான பி அண்ட் ஐ கிளப் தரும் உறுதிக் கடிதம் கைக்கு வந்ததும் கப்பல் புறப்பட்டுவிடும். அக்கடிதத்தின் வாசகங்களைப் பேரம் பேசுவதில்தான் பழகியவரின் மதிப்பு தெரியும். பிணையம் வந்த பிறகு நடக்கும் சாட்சியமும் ஆவணமும் குறுக்கு விசாரணையும் பொது வழக்குரைஞரின் சொந்தக் களம்.

துணை சேர்ப்பது நடுவழி என்பதால் பாதுகாப்பானது என்று கருதுவது சரியன்று. காலவரம்பை யார் கண்காணிப்பது என்று எழுத்தில் பிரித்துக்கொள்ளாவிட்டால், இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். அந்தப் பொறுப்பை ஒரே ஒருவரின் பெயரில் எழுத வேண்டும் என்பதே என் கருத்து. அவர் நிபுணராக இருப்பது நல்லது. கட்டணப் பகிர்வுக்குக் கட்சிக்காரரின் எழுத்துமூல ஒப்புதலும், தம் வழக்குரைஞர் மன்ற விதிகளின் அனுமதியும் தேவைப்படும்.

கப்பல்கள் மோதிய வழக்கு, மீட்புப் பணிக்கான ஊதியம், கப்பல் உரிமையாளர் தம் மொத்தப் பொறுப்பையும் கப்பலின் டன் அளவுக்கேற்ப மட்டுப்படுத்திக்கொள்ள நிதி கட்டும் வழக்கு ஆகியவற்றை முழுவதுமாக ஒப்படைத்துவிடலாம். அத்தகைய நிதி கட்டப்பட்டுவிட்டால் எல்லாக் கோரிக்கையாளரும் அதற்குள்தான் பங்கு பெற முடியும். வரம்பை உடைக்க, இழப்பை விளைவிக்கும் உள்நோக்கத்தையோ, விளையும் என்று அறிந்தே காட்டிய பொறுப்பின்மையையோ நிறுவ வேண்டும், அது மிக அரிது. ஒப்படைக்கும்போதும் சர்வேயர் அறிக்கை, ஏஜென்டோடு நடந்த கடிதப் போக்குவரத்து, சரக்கு இறங்கிய நாளின் பதிவு, சரக்குச் சீட்டின் இருபுறப் படி ஆகியவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து, காலக்கெடு முடியும் தேதியை முதல் தாளிலேயே எழுதி அனுப்ப வேண்டும். நிபுணர் வழக்கை ஏற்றுக்கொண்டதாக எழுதித் தரும் வரை அந்தத் தேதி பொது வழக்குரைஞரின் பொறுப்பிலேயே இருக்கிறது.