மோசெல் கரையில் சைக்கிள் பயணம் போகிறவர்கள் பிரேக் கட்டையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஜெர்மனியில் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை மோசெல் ஆற்றங்கரையோடு சைக்கிளில் போனோம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர், ஐந்து நாள். பாதையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் சமதளம், இரு பக்கமும் திராட்சைச் சரிவுகள். எங்களை ஏமாற்றியது, சைக்கிள், விடுதி, பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பணம் வாங்கிய நிறுவனம்.

ட்ரியரில் சைக்கிளைக் கொடுத்தவர் அவசரத்தில் இருந்தார். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், ஆளுக்கு 150 யூரோ டெபாசிட் பெற்றுக்கொண்டு போய்விட்டார். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்பது அந்தத் தாளின் வாசகம். நாங்கள் ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பீஸ்போர்ட்டை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மனைவி பின் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் கர்ரென்று இரும்பு உரசும் சத்தம். குனிந்து பார்த்தேன். பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. அடித்தகடு ரிம்மில் கோடு கிழித்திருந்தது. நகத்தை வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. சமதளத்தில் ஒன்றரை நாள் ஓட்டியதால் கட்டை இப்படித் தேயாது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் சாலை விதி. அந்தச் சைக்கிளைச் சாலைக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது.

நிறுவனத்தின் அவசர எண்ணில் பதிவுசெய்த குரல்தான் கேட்டது. தகவலைப் பேசிப் பதிவுசெய்தேன். ஞாயிறு என்பதால் கடைகள் அடைப்பு. ரயிலில் ஏறிவிடலாம் என்றால், அங்கே ஆற்றோரம் ரயிலே கிடையாது. ட்ரியரிலிருந்து வரும் ரயில் பாதை ஷ்வைக் பக்கம் ஆற்றை விட்டு விலகி, விட்லிக் வழியாகச் சுற்றி, புல்லாய் அருகில்தான் மீண்டும் ஆற்றங்கரைக்கு வருகிறது. இதை முன்கூட்டித் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அதில் பாதியை மழையில் தள்ளிக்கொண்டே நடந்தோம். மறுநாள் சொந்தப் பணத்தில் கட்டையை மாற்றினோம்.

கோப்லென்ஸில், ரிம்மில் விழுந்திருந்த அதே கோட்டைக் காட்டி, 'வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம்' என்று எழுதி 120 யூரோ பிடித்துக்கொண்டார்கள். மழையில் நடந்ததைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை. அவர்கள் மாற்றாமல் விட்ட கட்டை கிழித்த கோடு அது.

விடுதியும் சைக்கிளும் சேர்த்து இப்படி விற்பது ஜெர்மன் சட்டப்படி தொகுப்புச் சுற்றுலா. குறை இருந்தால் விலைக் குறைப்புக் கேட்கலாம். ஆனால் குறையைப் பயணத்தின்போதே தாமதமில்லாமல் தெரிவித்திருக்க வேண்டும். நான் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிட்டேன். அப்படி எதுவும் வரவில்லை என்கிறார்கள். நீங்கள் அங்கேயே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சைக்கிளைக் கொடுப்பவர் கிளம்பும் முன் கட்டை, ரிம், டயர் மூன்றையும் படமெடுங்கள்.

பழுது பார்த்த ரசீதையும் அந்த எண்ணுக்கு நான் அழைத்த நேரத்தையும் சேர்த்துக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பயணம் முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. விடப் போவதில்லை.