முதல் கணினிக்கு எந்தப் பவர் சப்ளை? திருகோணமலையில் இருந்து ஓர் ஒப்பீடு

முதன்முதலாகத் தானே கணினி பூட்ட நினைக்கும் பொடியன்கள் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். கிராஃபிக்ஸ் கார்டின் பெயர், எத்தனை ஜிபி, கேசிங்கில் என்ன நிறத்தில் லைட் எரியும் என்பது வரை அதில் இருக்கும். சுவர்க் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை என்ற வரியில் மட்டும் "550 வாட், ஏதாவது" என்று எழுதியிருக்கும். குளிர் நாடுகளில் இருந்து எழுதப்படும் ஒப்பீடுகளைப் படித்தாலும் இந்த "ஏதாவது" முழுதாகத் தெளியாது. அங்கே அறை குளிர்ச்சி, கரண்ட் நிலையானது. நமக்குக் கடல் பக்கத்தில், கரண்ட் தன் இஷ்டத்துக்கு.

ஒப்பிட ஓர் அளவு வேண்டும். ரைசன் 5 5600 ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும் உள்ள நடுத்தரக் கணினியை எடுத்துக்கொள்வோம். ப்ராசஸர் முழு வேகத்திலும் 88 வாட்டைத் தாண்டாது, கார்ட் 115 வாட். மதர்போர்ட், ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 போட்டாலும் 265 வாட்டுக்குள் அடங்கிவிடும். கார்டின் நிறுவனமான என்விடியா இதற்குச் சொல்லும் 550 வாட் அதில் இரண்டு மடங்கு. ஆகவே அளவில் பிரச்சினை இல்லை. எந்த 550 என்பதில்தான் பிரச்சினை.

கடையில் நம் முன்னால் வைக்கப்படுபவை நான்கு வகை: கேசிங்கோடு சேர்த்துத் தருவது, பெயர் தெரிந்த பிராண்டின் 550 வாட் புரோன்ஸ், 650 அல்லது 750 வாட் கோல்ட் மொடியுலர், பிறகு யாரோ பாவித்தது. புரோன்ஸ், கோல்ட் என்பவை கரண்டை வீணாக்காமைக்குக் கிடைக்கும் பட்டங்கள். மொடியுலர் என்றால் வயர்களைத் தேவைக்குச் செருகிக் கழற்றலாம்.

ஸ்டிக்கரைப் படிப்பது

கேசிங்கோடு வருவதையும் புரோன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்கினால் வருவதுதான் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் கிடைக்கப்போவது. 18 அம்பியர் என்றால் 216 வாட். ஸ்டிக்கரில் 500 என்று எழுதியிருந்தாலும் 216தான். நல்ல 550 வாட் சப்ளையில் அதே கட்டத்தில் 45 அம்பியர் அளவில் இருக்கும், 540 வாட். இந்த ஒரு பெருக்கலிலேயே முதல் வகை பெரும்பாலும் ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடும்.

அடுத்தது, பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றுகிற சின்னச் சிவப்பு சுவிட்ச். அது இருந்தால் பழைய வடிவமைப்பு, சுவரில் இருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குறும்புக்காரப் பிள்ளை ஒன்று அதைத் தட்டி 115இல் விட்டுவிட்டால், நம் 230 வோல்ட்டில் ஓன் பண்ணிய கணமே வெடிச்சத்தத்தோடு போய்விடும். உள்ளேயும் சிக்கனம்தான். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் பாகங்களுக்குப் பலகையில் இடம் அச்சிட்டிருப்பார்கள், பாகம் இருக்காது. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் பில் அடிக்கும் கணினி என்றால் காலத்தை ஓட்டலாம். 4060க்கு இதைப் போடாதீர்கள்.

புரோன்ஸா, கோல்டா?

இங்கேதான் உண்மையான போட்டி. 80 பிளஸ் என்பது 2004இல் தொடங்கிய சான்றிதழ். சுவரில் இருந்து எடுத்த கரண்டில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதைத்தான் அது முக்கியமாக அளக்கும். 230 வோல்ட் அளவுகோலில் பாதிச் சுமைக்குப் புரோன்ஸ் 88 வீதம், கோல்ட் 92 வீதம். நம் கணினி 250 வாட் கேட்டால் புரோன்ஸ் சுவரில் இருந்து 284 வாட் எடுக்கும், கோல்ட் 272. வித்தியாசம் 12 வாட். நாளுக்கு நாலு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட மிஞ்சாது. சீலிங் ஃபேனை ஒரு நாள் முழுக்க நிறுத்த மறந்தால் அந்த மிச்சம் போய்விடும். கரண்ட் பில்லுக்காகக் கோல்ட் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

தரத்துக்கும் அந்தப் பட்டம் உத்தரவாதம் இல்லை. 2021இல் கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மொடல்கள் சோதனைகளில் வெடித்தன. கடைசியில் நிறுவனமே அதிகச் சுமைப் பாதுகாப்பின் வரம்பைக் கீழே இறக்கி, முன்பு விற்றவற்றை மாற்றித் தர முன்வந்தது. இரண்டும் கோல்ட்.

அப்படியென்றால் கோல்டுக்கு ஏன் கூட விலை? பல கோல்ட் சப்ளைகளில் உள்ளே இருப்பது உண்மையிலேயே நல்ல சாமான். முதலில் பார்க்க வேண்டியது, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகமான கப்பாசிட்டரின் வெப்ப அளவு, 85 பாகையா 105 பாகையா என்று. வெப்பம் 10 பாகை கூடினால் இதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுவில் எல்லோரும் பாவிக்கும் கணக்கு. 80 பிளஸ் சோதனை நடப்பது 23 பாகையில். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஏசி இல்லாத அறையில் 23 பாகையை எங்கே போய்த் தேடுவது? ஆகவே முழு வாட்டையும் எத்தனை பாகை வரை தருவேன் என்று உற்பத்தியாளர் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். 40 என்றால் பரவாயில்லை, 50 என்றால் நல்லது. இதைப் பற்றி எதுவுமே எழுதாத பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த நல்ல சாமான் சில புரோன்ஸ் சப்ளைகளிலும் இருக்கிறது. 12 வோல்ட்டில் இருந்து 5, 3.3 வோல்ட்டைத் தனியாகப் பிரித்தெடுக்கும் டிசி டிசி அமைப்பும், ஐந்து வருட வொரண்டியும் உள்ள புரோன்ஸ் கிடைத்தால் 4060 போட்ட கணினிக்கு என் தேர்வு அதுதான். ஆர்டிஎக்ஸ் 5070 போல 250 வாட் கார்டுக்குப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது, கணினிச் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் என்ற தரவிதியின் 3.1 பதிப்புக்கு அமைந்த 750 வாட் கோல்ட் எடுங்கள். இன்றைய பெரிய கார்டுகள் நொடியில் ஒரு துணுக்கு நேரம் கணக்கை மீறி இழுக்கும். சப்ளையின் அளவைப் போல இரண்டு மடங்கு வரை வரும் அந்தத் திடீர் இழுப்பை 100 மைக்ரோ செக்கனுக்குத் தாங்க வேண்டும் என்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 முதல் விதி இருக்கிறது.

மிஞ்சும் காசு யூபிஎஸ்ஸுக்கு

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 மாசியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. ஆனால் கணினிக்கு நீண்ட வெட்டைவிட, ஒரு கண் சிமிட்டலில் போய் வருகிற கரண்ட்தான் கூடத் தொந்தரவு.

நம் 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஓர் அலை 20 மில்லி செக்கன். ஏடிஎக்ஸ் விதிப்படி சப்ளை தன் கப்பாசிட்டரில் சேர்த்துவைத்ததைக் கொண்டு விதியின் பதிப்பையும் சுமையையும் பொறுத்து 12 முதல் 17 மில்லி செக்கன் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செக்கன் எடுக்கும். நல்ல சப்ளை அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். முதன்மைக் கப்பாசிட்டரைச் சின்னதாகப் போட்டுக் காசு மிச்சம் பிடித்த சப்ளை தாண்டாது. "யூபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகுது" என்று யூபிஎஸ்ஸைத் திட்டுகிற பல வீடுகளில் குற்றவாளி பவர் சப்ளைதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலிவான யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தருவது வளைவான அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில நல்ல சப்ளைகளுக்கு இது ஒத்துவராது. கணினி அணைந்துவிடும், அல்லது யூபிஎஸ் ஓவர்லோட் என்று கத்தும். சிவப்பு சுவிட்ச் போட்ட பழைய ரகம் இந்தச் சண்டைக்கே வராது. அதற்காக அதை வாங்கச் சொல்லவில்லை. யூபிஎஸ்ஸைக் கொஞ்சம் பெரிதாக எடுங்கள். யூபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் விஏ என்ற அளவு வாட் அல்ல. 650 விஏ என்றால் வாட்டில் 360 முதல் 390தான். நம் கணினி 284, மொனிட்டர் 30 என்று சேர்த்தால் 314 வாட் ஆகிவிடும், மூச்சுமுட்டும். 1000 விஏக்கு மேலே போனால் நிம்மதி, காசு இருந்தால் வளைவான தூய சைன் அலை தருகிற யூபிஎஸ் இன்னும் நிம்மதி. 750 வாட் சப்ளைக்கு 750 வாட் யூபிஎஸ் வேண்டும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். கணினி உண்மையில் இழுப்பதுதான் யூபிஎஸ்ஸுக்குச் சுமை.

மாலையில் ஊரே மோட்டர் போடும் நேரம் வீட்டு லைட் மங்குகிறதா? அப்படியென்றால் 100 முதல் 240 வோல்ட் வரை எடுக்கும் சப்ளையாகப் பாருங்கள். ஒரே பெயரில் 200 முதல் 240 மட்டும் எடுக்கும் மலிவுப் பதிப்பும் விற்கிறார்கள். வோல்ட் நன்றாக இறங்கினால் அது நின்றுவிடும்.

கேசிங்கில் சுள்ளென்று அடித்தால்

புதுக் கணினியைத் தொட்டால் கரண்ட் கடிக்கிறது, சப்ளை பழுது என்று திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அனேகமாகப் பழுது வீட்டில். நல்ல சப்ளையின் வடிகட்டியில் இருந்து மிகச் சிறிய கரண்ட் எர்த்துக்குப் போகும்படிதான் அமைத்திருப்பார்கள். எர்த் வயர் இல்லாத பிளக் பேஸில், அல்லது எர்த் பின்னை விட்டுவிட்டு மல்டி பிளக்கில் செருகினால், அது போக வழியில்லாமல் கேசிங்கிலேயே நிற்கும், ஏறத்தாழப் பாதி வோல்ட்டில். கரண்ட் துளிதான் என்றாலும் சுள்ளென்று இருக்கும். வடிகட்டியே இல்லாத மலிவுச் சப்ளையில் இது தெரியாமல் போகலாம், அதை வைத்து அதுதான் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. சப்ளை வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இடிக்கு எந்த விலைச் சப்ளையும் மருந்து இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து.

உப்பு

கடற்கரைக்குக் கிட்ட வீடு என்றால், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று தெரியும். காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மாரி காலத்து இரவுகளில் அது தினமும் நடப்பது. தூசியோடு சேர்ந்து அது பலகையில் படிந்தால் கரண்ட் கசியும் படலம்.

மொடியுலர் சப்ளையில் வேண்டிய வயரை மட்டும் செருகலாம், உள்ளே அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு செருகியும் உப்பு அரிக்க இன்னொரு இடம். வயர் பலகையிலேயே பற்றவைத்து வரும் சாதாரண சப்ளையில் அந்த மூட்டு இல்லை. கடலோடு ஒட்டிய வீட்டுக்கு மொடியுலர் இல்லாததே மேல் என்பது என் கருத்து. கண்ணாடிக் கேசிங்காரர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். கோல்டுக்கு இங்கே ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்திவைக்கும் மொடல்கள் அந்த நேரத்துக்காவது உப்புக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. எதை எடுத்தாலும் கணினியை மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். ஓடுகிற கணினியின் சூடு ஈரத்தை அண்டவிடாது.

பாவித்த சப்ளையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. அலுவலகங்களில் இருந்து கழிந்து வரும் டெல், எச்பி கணினிகளின் சப்ளை உறுதியானதுதான், ஆனால் பலவற்றில் வாட் குறைவு, போர்டில் செருகும் தலை வேறு மாதிரி. மொடியுலர் ஒன்றைப் பாவித்ததாக வாங்கினால் அதன் சொந்த வயர்கள் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வேறு பிராண்டின் வயர் செருகியில் பொருந்தும், ஆனால் உள்ளே வரிசை மாறியிருந்தால் எஸ்எஸ்டி கருகும்.

எங்கே வாங்குவது என்பதற்கும் இரண்டு வழி. கொழும்பில் யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் தெரிவு கூட, விலையும் கொஞ்சம் இறங்கும். டவுனில் வாங்கினால் அதே பெட்டி சில ஆயிரம் ரூபா கூடலாம். மற்றப் பாகங்களைக் கொழும்பில் எடுங்கள், பவர் சப்ளையை மட்டும் இங்கே எடுங்கள் என்பேன். பழுதானால் கனமான பெட்டியைக் கூரியரில் போட்டுக் காத்திருக்கத் தேவையில்லை, கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். பெட்டியில் ஐந்து வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் இறக்குமதியாளர் தருவது மூன்றாக இருக்கலாம். எத்தனை வருடம், பழுதானால் மாற்றித் தருவதா திருத்தித் தருவதா, கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.