ஒரே திரை, இரண்டு ஃபர்ம்வேர்: டிரைவரை எந்தப் பக்கம் சாய்த்து எழுதுவது?

பாம்பன், மண்டபம் விசைப்படகுகளில் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அதன் பக்கத்திலேயே எஞ்சின் சூடு, டீசல் அளவு, பேட்டரி வோல்டேஜ் மூன்றையும் காட்ட ஒரு சின்னத் திரை கேட்கிறார்கள். திரை ஒன்றுதான்: ஐஎல்ஐ9341 சிப் வைத்த 240×320 டிஎஃப்டி, எஸ்பிஐ என்ற சில கம்பி இணைப்பில் பேசுவது. (உச்சி வெயிலுக்கு அது போதாது என்பது தனிச் சண்டை.) அதை ஓட்டும் கணினிதான் இரண்டு வகை; போர்டில் என்ன எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபர்ம்வேர் (போர்டோடு வரும் அடிப்படை நிரல்) இரண்டிலும் வேறு. படகில் ராஸ்பெரி பை, அதாவது வன்பொருளைப் பட்டியலாக விவரிக்கும் டிவைஸ் ட்ரீ. கரையில் ஐஸ் கம்பெனியிலும் டீசல் பங்கிலும் எஸ்பிஐ பின்களை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கும் எக்ஸ்86 (இன்டெல் வகை) சிறு போர்டு, அதாவது யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரும் வன்பொருளைச் சொல்லும் ஏசிபிஐ டேபிள்களும். இரண்டிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. டிரைவரை (லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருந்து திரையை இயக்கும் நிரலை) ஒரு தடவை எழுதி இரண்டிலும் ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

வழிகளை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் ஒன்றே ஒன்று. திரையைப் பற்றிய அறிவு டிரைவரில் இருக்க வேண்டும், போர்டைப் பற்றிய அறிவு ஃபர்ம்வேரில் இருக்க வேண்டும். ஸ்லீப்பிலிருந்து எழுப்ப ஹெக்ஸ் (பதினாறின் அடிமான எண்) 11 அனுப்பு, பிக்சலுக்கு 16 பிட் என்று ஹெக்ஸ் 3ஏ-வில் சொல், திசையையும் நிற வரிசையையும் ஹெக்ஸ் 36-இல் வை என்பதெல்லாம் திரையின் குணம். எந்த போர்டில் மாட்டினாலும் மாறாது. ரீசெட் கம்பி எந்தப் பின்னில் இருக்கிறது, டேட்டா–கமாண்ட் கம்பி எங்கே போகிறது, பின்விளக்குக்கு யார் கரண்ட் கொடுக்கிறார் என்பவை போர்டின் குணம். இரண்டும் கலக்கிற இடத்தில்தான் தலைவலி தொடங்குகிறது.

முதல் வழி, டிவைஸ் ட்ரீ மட்டும். இது 1994-இல் ஐஇஇஇ 1275 என்று தரநிலையாக்கப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது. ஏஆர்எம் (ராஸ்பெரி பையில் உள்ள சிப் வகை) பக்கத்தில் போர்டுக்கு ஒரு சி கோப்பு என்று குவிந்துகிடந்ததை 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்ட பிறகுதான் எல்லோரும் மளமளவென்று இதற்கு மாறினார்கள். இதன் அழகு வெளிப்படைத்தன்மை. எந்த ரெகுலேட்டர் (மின்சாரம் கொடுக்கும் பகுதி), எந்த ஜிபிஐஓ (நிரலால் ஏற்றி இறக்கும் பின்), எந்தப் பின்விளக்கு எல்லாம் கணு கணுவாகக் கண்முன் இருக்கும். ராஸ்பெரி பையில் கான்ஃபிக் கோப்பில் ஓவர்லே (டிவைஸ் ட்ரீயின் மேல் ஒட்டும் துண்டு) பெயரை ஒரு வரி சேர்த்தால் திரை எழுந்துவிடும். ஆனால் 'ஓஎஃப்' (ஓப்பன் ஃபர்ம்வேர்) என்று தொடங்கும் ஃபங்ஷன்களை நேரடியாக அழைத்து எழுதிவிட்டால் அந்த டிரைவர் எக்ஸ்86-இல் செத்த பிணம். கேகான்ஃபிக்கில் (கெர்னலைக் கட்டும்போது தேர்வுகளை வைக்கும் கோப்பு) 'ஓஎஃப் இருந்தால்தான்' என்று ஒரு வரி போட்டிருந்தால், அந்த ஆதரவு இல்லாமல் கட்டிய கெர்னலின் மெனுவில்கூட அது தலைகாட்டாது.

இரண்டாவது, ஏசிபிஐக்கென்று தனிப் பாதை. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்தது. 2013 முதல் யுஇஎஃப்ஐ ஃபோரத்தின் கையில். டிவைஸ் ட்ரீ வீட்டு வயரிங் படத்தையே கையில் கொடுக்கிறது என்றால், ஏசிபிஐ சுவரை மூடிவிட்டு சுவிட்சை மட்டும் காட்டுகிறது. பவர் ஏற்று, இறக்கு என்பதெல்லாம் போர்டுக்காரர் எழுதிய ஏஎம்எல் நிரலின் வேலை. லேப்டாப் கம்பெனிக்கு அது சௌகரியம். பாம்பனில் கடை வைத்திருப்பவருக்கு? தனி அடையாள எண்ணுக்கு ஃபோரத்தில் பதிவு, தனி மேட்ச் டேபிள் (சாதனத்தோடு டிரைவரைப் பொருத்தும் பட்டியல்), தனி புரோப் பாதை (சாதனத்தைத் தொடங்கும் நிரல்) என்று ஒரே கோப்புக்குள் இரண்டு டிரைவர் குடித்தனம் நடத்தும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழிதான் நின்று பார்க்க வேண்டியது: பொதுவான ப்ராப்பர்ட்டி அடுக்கு. 2015-இல் கெர்னல் 3.19 உடன் வந்தது. டிரைவர் 'டிவைஸ் ப்ராப்பர்ட்டி' ஃபங்ஷனைக் கூப்பிட்டு "ரொட்டேஷன் எவ்வளவு" என்று கேட்கும். பதில் டிவைஸ் ட்ரீயிலிருந்து வந்ததா, ஏசிபிஐயின் டிஎஸ்டி (சாதனக் குணங்களை எழுதும் இடம்) பொட்டலத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியவேண்டியதே இல்லை. ஜிபிஐஓவும் அப்படியே. தனி அடையாள எண்ணும் வேண்டாம்: ஏசிபிஐ டேபிளில் பிஆர்பி0001 என்று போட்டு, டிஎஸ்டியில் டிவைஸ் ட்ரீயின் அதே 'கம்பேட்டிபிள்' சரத்தை (சாதனத்தின் பெயரை) எழுதினால் போதும், கெர்னல் டிரைவரின் ஓஎஃப் டேபிளிலேயே பொருத்திக்கொள்ளும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய டிரைவர்களைப் பார்த்து ஒட்டும்போது அந்த டேபிளை 'ஓஎஃப் மேட்ச் பிடிஆர்' மேக்ரோவுக்குள் பொதிந்து எழுதும் பழக்கம் கூடவே வந்துவிடும். ஓஎஃப் இல்லாத கெர்னலில் அந்த மேக்ரோ டேபிளை வெறும் நல் (காலி) ஆக்கிவிடும். பிஆர்பி0001 பொருந்த ஆளே இருக்காது. கம்பைல் சுத்தமாக முடியும், எச்சரிக்கை ஏதும் வராது, திரை மட்டும் கறுப்பு. டிரைவர் மாட்யூல் தானாக ஏறுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. டிவைஸ் ட்ரீ வழியாக வந்த எஸ்பிஐ சாதனத்தை எஸ்பிஐ கோர் 'எஸ்பிஐ' முன்னொட்டோடுதான் அறிவிக்கிறது. பிஆர்பி0001 வழியாக வந்ததோ 'ஓஎஃப்' முன்னொட்டோடு வருகிறது. அதனால் எஸ்பிஐ ஐடி டேபிள், ஓஎஃப் டேபிள் இரண்டையுமே எழுதிவையுங்கள்.

அடுத்து ரீசெட் கம்பி. ஏசிபிஐயின் ஜிபிஐஓ ரிசோர்ஸில் 'ஆக்டிவ் லோ' (கம்பி தாழ்ந்தால் வேலை செய்வது) என்று சொல்ல இடமே கிடையாது. டிஎஸ்டி பொட்டலத்தின் கடைசி எண்ணாகத்தான் அதைக் கொடுக்க வேண்டும். கெர்னலில் இந்த வகைத் திரைகளுக்கான எம்ஐபிஐ டிபிஐ உதவி நிரல் ரீசெட்டுக்கு முதலில் 0 எழுதி, சற்றுப் பொறுத்து 1 எழுதி, 120 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது. திரை மாட்யூலில் அந்தக் கம்பி லோவில்தான் ரீசெட் ஆகும். ஆகவே இந்த உதவி நிரலைப் பயன்படுத்தினால் ஃபர்ம்வேரில் 'ஆக்டிவ் ஹை' என்றுதான் எழுத வேண்டும். டேட்டாஷீட்டைப் பார்த்து நேர்மையாக 'லோ' என்று எழுதுபவரின் திரை நிரந்தரமாக ரீசெட்டிலேயே கிடக்கும்.

பவர் பக்கம் அவ்வளவு கவலை இல்லை. ஏசிபிஐ இருந்தால் ரெகுலேட்டரையெல்லாம் ஃபர்ம்வேர் பார்த்துக்கொள்ளும் என்று கெர்னலே எடுத்துக்கொண்டு, டிரைவர் கேட்டால் ஒரு பொம்மை ரெகுலேட்டரைக் கொடுத்துவிடும். டிரைவரில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

உதைப்பது பின்விளக்கு. இரவில் வீல் ஹவுஸில் நிற்பவருக்கு அதுதான் முதல் தேவை. "தம்பி, பகல்ல ஒண்ணுமே தெரியல, ராத்திரியில கண்ணைக் குத்துது. முன்னால நிக்கிற வல்லம் தெரிய வேணாமா? கொஞ்சம் மங்க வைக்க வழி உண்டா?" என்று பாம்பனில் ஒரு அண்ணன் கேட்டார். "வைச்சுத் தர்றேன்ணே" என்று ராஸ்பெரி பையில் தைரியமாகச் சொல்லலாம். பின்விளக்கைத் தேடிக்கொடுக்கும் ஃபங்ஷன் டிவைஸ் ட்ரீ கணுவைப் பின்தொடர்ந்து போய்ப் பிடித்துவிடும். ஏசிபிஐயில் அதே ஃபங்ஷன் பிழை ஏதும் சொல்லாமல் வெறுங்கையோடு திரும்பும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்காது. இந்தச் சிப்பிலேயே வெளிச்ச அளவுக்கு ஹெக்ஸ் 51 கமாண்ட் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மலிவு மாட்யூல்களில் எல்இடி பின் சிப்போடு தொடர்பில்லாமல் தனியாக வெளியே வருகிறது. நான் எழுதுவது இப்படி: முதலில் டிவைஸ் ட்ரீ வழி தேடு; கிடைக்காவிட்டால் பிடபிள்யூஎம்மை (விளக்கை வேகமாக ஏற்றி அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல்) நேரடியாகக் கேள், பிடபிள்யூஎம் கோர் ஏசிபிஐயின் டிஎஸ்டியையும் படிக்கும்; கிடைத்ததை வைத்துப் பின்விளக்குச் சாதனத்தை டிரைவரே பதிவு செய்யட்டும். பொது அடுக்கு மூடாத ஓட்டையை டிரைவரில் ஒட்டுப்போடுகிறோம் என்பது தெரிந்தேதான்.

மூன்றாவது வழிக்கான ஏசிபிஐ டேபிளை எக்ஸ்86 போர்டில் ஏற்ற எஸ்எஸ்டிடி ஓவர்லே (ஃபர்ம்வேரின் டேபிளோடு சேர்க்கும் கூடுதல் டேபிள்) வேண்டும். இனிட்ஆர்டியில் (பூட்டாகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) வைக்கலாம், ஈஎஃப்ஐ வேரியபிளில் வைக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே கான்ஃபிக்எஃப்எஸ் வழியாகவும் கொடுக்கலாம். செக்யூர் பூட்டோடு கெர்னல் லாக்டவுன் (கெர்னலை வெளியிலிருந்து மாற்றவிடாத கட்டுப்பாடு) போட்டிருந்தால் மூன்றும் அடைபடும். இதைக் கேட்காமல் போர்டு வாங்காதீர்கள்.

நான்காவது வழி டிரைவரே எழுதாதது. 2022-இல் கெர்னல் 5.18 உடன் வந்த 'பேனல் எம்ஐபிஐ டிபிஐ' டிரைவர், திரையை எழுப்பும் கமாண்ட் வரிசையை ஃபர்ம்வேர் அடைவில் உள்ள ஒரு கோப்பிலிருந்து படிக்கிறது. ஒரே சிப், வேறு கண்ணாடி என்று வந்து இறங்கும் சரக்குக்கு இது வரப்பிரசாதம். ஐபிஎஸ் கண்ணாடி வந்து நிறம் தலைகீழாகத் தெரிந்தால், கோப்பில் ஹெக்ஸ் 21 சேர்த்தால் முடிந்தது. கெர்னலைத் தொட வேண்டாம். ஆனால் திரை அளவை டிவைஸ் ட்ரீயின் 'பேனல் டைமிங்' கணுவிலிருந்துதான் எடுக்கிறது, ஆக எக்ஸ்86 போர்டுக்கு உதவாது. திரையின் அறிவு டிரைவரைவிட்டு ஒரு பைனரி கோப்புக்குப் போய்விடுவதும் எனக்கு உறுத்தல்தான். எஸ்டி கார்டு மாற்றும் பையன் அந்தக் கோப்பை மறந்தால் அவ்வளவுதான்.

ஐந்தாவதாக சிம்பிள்டிஆர்எம்மையும் சிலர் இழுப்பார்கள். ஃபர்ம்வேர் ஏற்கெனவே ஏற்றிவைத்த ஃப்ரேம்பஃபரில் (திரைப்படத்தை வைக்கும் நினைவிடம்) வரைவது, 2021-இல் கெர்னல் 5.14 உடன் வந்தது. எச்டிஎம்ஐ திரைக்குச் சரி. எஸ்பிஐ திரைக்கு ஃபர்ம்வேர் அப்படி எதையும் ஏற்றிவைப்பதில்லை, பேச்சே இல்லை.

வேகத்தில் எந்த வழியும் மற்றதை மிஞ்சாது. ஒரு முழுத் திரை 12,28,800 பிட். 32 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் செகண்டுக்கு 26 ஃப்ரேம்தான் உச்சம், டிரைவரை யார் எழுதினாலும்.

கரை, படகு இரண்டுக்கும் விற்பவர் மூன்றாவது வழிக்குப் போகலாம், பின்விளக்கு ஒட்டோடு சேர்த்து. படகு மட்டும் என்றால் அந்தப் பாடு வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் கரையேறி வேலைக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் நான்காவது வழியின் கோப்பையும் ஒரு வரி ஓவர்லேயையும் எஸ்டி கார்டில் போட்டு மாட்டிவிட்டு வாருங்கள். கார்டின் நகல் ஒன்றையும் படகிலேயே உப்புக்காற்று படாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.