அப்பாவா, போனி எம்மா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நண்பனின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து. தமிழ்ப் பாட்டுக்கு நடுவே அரை மணி நேரம் பழைய ஆங்கிலப் பாட்டு போடலாம் என்று முடிவானது. அப்பா (ABBA) குழுவா, போனி எம் (Boney M.) குழுவா என்பதில்தான் இழுபறி.

ஆடுவதற்கு: போனி எம். ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் டிஸ்கோவுக்கென்றே கட்டிய குழு. எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களில் உறுமிக்கே போட்டியான தாளம். அப்பா பாட்டுக்கும் ஆடலாம், ஆனால் பாதியில் நின்று கேட்கத் தோன்றும்.

கூடப் பாடுவதற்கு: போனி எம் எளிது. அப்பாவின் உச்ச சுருதியில் நம் அண்ணன்மார்களுக்கு மூச்சு வாங்கும்.

நீடிப்பதற்கு: இங்கேதான் நான் மனம் மாறினேன். 1974இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற சுவீடன் குழுவான அப்பா, எண்பதுகளில் எங்களுக்குக் கேலிப்பொருள். ராக் கேட்கிறவன் என்று காட்டிக்கொள்ள கேசட்டை ஒளித்து வைத்தேன். "யாருடைய அப்பா?" என்ற கிண்டல் வேறு. 1992இல் அவர்களின் தொகுப்பு ஆல்பம் வந்ததும் காற்று திசை மாறியது. இப்போது கேட்டால் புரிகிறது: மெட்டு துள்ளும்போதே சொற்கள் அழுகின்றன. அடுக்கடுக்காகப் பதிவான அந்த இரு பெண் குரல்களும் பழசாகவில்லை. போனி எம்மிலோ, மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் வாயசைத்தார். பதிவில் ஆண் குரல் ஃபாரியனுடையது. தெரிந்தும் கால் நிற்பதில்லை, அது வேறு கதை.

செலவு: இரண்டுமே யூடியூப்பில் சும்மா.

சரி, கூட்டம் எழுந்து ஆட வேண்டுமா? போனி எம். சாப்பாடு முடிந்து பத்துப் பேர் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்துக்கு அப்பா.