வீட்டுல இருந்து வேலைன்னா ஃபைபரா, 5ஜி ரவுட்டரா?

வேற ஊர்ல இன்னும் போன் ஒயர்ல நெட் வர்ற டிஎஸ்எல்லா, டிவி ஒயர்ல வர்ற கேபிளான்னு மண்டைய உடைச்சிக்கிறாங்க, சிங்கப்பூர்ல அந்தப் பேச்சே முடிஞ்சு போச்சு, நெட் கம்பெனி ஸ்டார்ஹப் 2019லயே கேபிள நிறுத்திட்டாங்க. இப்ப நம்ம கேள்வி கண்ணாடி இழை ஒயர்ல வர்ற ஃபைபரா, இல்ல சிம் போட்டு பிளக்ல சொருகுற 5ஜி ரவுட்டரா.

நான் ரெண்டையும் வச்சுப் பாத்தாச்சு. வாடகை ரூம்ல இருந்தப்ப ஓனர் ஆன்ட்டி புது ஒயர் எதுவும் இழுக்கக்கூடாதுன்னுட்டாங்க, அதனால 5ஜி. பெட்டி வந்த அன்னைக்கே நெட் வந்துடுச்சு, அது சுகம்தான். ஆனா ஜன்னல் ஓரம் வச்சா ஓடும், மேசைப் பக்கம் கொண்டு வந்தா தொங்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல மொத்த புளோக்கும் படம் பாக்க உக்காந்ததும் ஜூம்ல என் மூஞ்சி வாயத் தொறந்தபடி அப்படியே நின்னுடும், மேனேஜர் "ஹலோ, இருக்கீங்களா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். டவர் எல்லாருக்கும் பொதுதானே, கூட்டம் ஏறினா நம்ம பங்கு குறையும். பழைய கேபிள்லயும் இதே கதைதான் லா.

ஃபைபர்ல அந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. அதோட அப்லோடு! பெரிய ஃபைல் அனுப்புற வேலைன்னா அதுதான் உயிர், அதுல 5ஜி கிட்டயே வராது.

ஃபைபர்லயும் ஒரு கடுப்பு இருக்கு. எங்க எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ஃபைபர் பாயிண்ட் வாசக் கதவுகிட்ட, வேலை பாக்குற ரூம் அந்தக் கோடி, நடுவுல பாம் ஷெல்ட்டர்னு குண்டு போட்டா ஒளியுற தடிச் சுவர் ரூம், அந்தக் கான்கிரீட் சுவத்தத் தாண்டி வைஃபை வரவே மாட்டேங்குது. கடைசில சுவரோரமா லேன் கேபிள் ஒட்டிட்டேன். பொதுவா ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் வேற, சீக்கிரம் வீடு மாறப்போறவங்க மட்டும் 5ஜி பாருங்க.