ராணுவ ஊன ஓய்வூதிய மேல்முறையீடு: விலைக்கு வாங்கிய மருத்துவச் சான்றிதழ் எங்களைக் கவிழ்த்த கதை

அப்பா 22 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து 2021-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். முதுகில் டிஸ்க் விலகலோடுதான் வீடு திரும்பினார். ஓய்வின்போது பரிசோதித்த மருத்துவக் குழு 20 சதவீத ஊனம் என்று எழுதியது. அதே தாளில், இது ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று எழுதிவிட்டது. அந்த ஒரு வரியால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாத அவகாசம்.

முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதித் தரும் ஒருவரிடம் போனோம். அப்பா விடுப்பில் வரும்போதெல்லாம் பார்த்த எலும்பு மருத்துவரின் சீட்டுகளை அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். முதல் சீட்டு, அப்பா லடாக்கில் இருந்துவிட்டு வந்த 2014-ஆம் ஆண்டினுடையது. மனு எழுதுபவர் உறையைத் திறக்கக்கூட இல்லை. "உள்ளூர் டாக்டர் கடிதம் செல்லாது சார், நம்ம டாக்டர் அறுபது சதவீதம் போட்டுத் தருவார்" என்றார். 18,000 ரூபாய் கொடுத்தோம்.

அந்த டாக்டர் அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஐந்தே நிமிடம். அச்சடித்த படிவத்தில் பெயரையும் வயதையும் பேனாவால் நிரப்பினார். வலி இறங்குவது வலது காலில். சான்றிதழில் இடது கால். ராணுவம் என்ற சொல்லே அதில் கிடையாது. மேல்முறையீடு தள்ளுபடியானது. அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பிறகுதான் புரிந்துகொண்டோம். ஊன ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்ச வரம்பே 20 சதவீதம்தான்; அது எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அறுபது எதற்கு? நிரூபிக்க வேண்டியது பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை. ராணுவத்தில் சேரும்போது பதிவாகாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்படும், இல்லை என்றால் குழு காரணம் சொல்ல வேண்டும் என்று தரம்வீர் சிங் என்ற முன்னாள் படைவீரரின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்பாவைப் பரிசோதித்த குழு எழுதிய காரணம் என்ன என்று மனு எழுதிய அந்த ஆள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, ராணுவத்தின் ஆவணக் காப்பு அலுவலகத்திலிருந்து மருத்துவக் குழு அறிக்கையின் நகலை நாங்களே வாங்கினோம். அதை எங்கள் எலும்பு மருத்துவர் மூன்று நாள் வைத்திருந்து படித்தார். எந்த ஆண்டு எங்கே பணி, எப்போது வலி, எம்ஆர்ஐயில் என்ன தெரிகிறது, குழு சொன்ன காரணம் ஏன் பொருந்தாது என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தோடு இரண்டாவது மேல்முறையீடு போயிருக்கிறது. மறுத்தால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போவோம்.

உங்கள் மருத்துவரிடம் வெறும் சதவீதத்தைக் கேட்டு வாங்காதீர்கள். குழுவின் அறிக்கையைக் கையில் கொடுத்து, அதற்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். அசல் ஆவணம் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் (ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான ஆவணம்) இன்னும் அந்த மனு எழுதும் ஆளிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம்.